‘மேம்படுத்திய’ நிலப்பிரபுவும் மேம்படாத உழைப்பாளியும்

நிலச்சீர்திருத்தத்தின் காலம் முடிந்துவிட்டது என்று கூறுவோர் நம் நாட்டில் பெருகி வருகின்றனர். முதலாளித்துவப் பொருளியலாளர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பேதும் இல்லை. இடதுசாரி வட்டாரங்களிலும் சிலர், சற்றே தயங்கியபடி, அதே பல்லவியைப் பாடத் தொடங்கியிருப்பதுதான் கவலைக்குரியது. அவர்களது வாதம் இவ்வாறு செல்கிறது: துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் நிலத்தில் உற்பத்தித்திறன் வளராது, மூலதனமும் அறிவியலும் உடைய பெரும் உடைமையாளரிடம் நிலம் குவிந்தாக வேண்டும், விவசாயப் புரட்சி கண்ட இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது, நம் ஜமீன்தார் ஒட்டுண்ணி, ஆங்கிலேய நிலப்பிரபுவோ மண்ணை மேம்படுத்தியவர், உற்பத்தி சக்திகளின் வளர்ச்சியை மார்க்ஸ் வரவேற்றாரே, நாம் ஏன் மறுக்க வேண்டும்?

எந்த வாதத்தையும் அதன் பலமான இடத்தில் சந்திப்பதே முறை. ஆங்கிலேய நிலப்பிரபுத்துவத்தின் புகழ்பாடிகள் இருநூறு ஆண்டுகளாக முதல் சான்றாகக் காட்டிவரும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தின் வடகடற்கரையில், வட கடலைப் பார்த்தபடி விரிந்துகிடக்கும் ஹோல்க்கம் எஸ்டேட்தான் அது. இன்றும் ஏறத்தாழ 25,000 ஏக்கர். நடுவே சுமார் 3,000 ஏக்கர் பூங்கா, அதற்குள் ஒரு மாளிகை. வடக்கே உவர்ச் சதுப்பு, மணல்மேடு, பைன் மரத்தோப்பு, பிறகு மைல் கணக்கில் மணற்பரப்பு. திரைப்படம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடற்கரை அறிமுகமானதே. ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தின் இறுதிக் காட்சியில் நாயகி தனியே நடந்து செல்வது இங்கேதான்.

மாளிகையின் கட்டுமானம் 1734இல் தொடங்கி 1764இல் முடிந்தது. கட்டத் தொடங்கிய தாமஸ் கோக், முதலாம் லெஸ்டர் பிரபு, முடிவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே இறந்துவிட, மனைவி மார்கரெட் முடித்து வைத்தார். பண்டைய ரோமானியக் கட்டடக்கலையைப் பின்பற்றிய உயரமான நுழைவு மண்டபம், அதில் வரிசையாகத் தூண்கள், இத்தாலியில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்த சிலைகள், ஓவியங்கள், நூல்கள். அழகான கட்டடம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் நம் வேலை.

குடும்பச் செல்வத்துக்கு அடித்தளமிட்டவர் எட்வர்ட் கோக். ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் தலைமை நீதிபதி. ஒருவனது வீடே அவனது கோட்டை என்ற கோட்பாட்டை 1604ஆம் ஆண்டு வழக்கொன்றின் வழியே சட்ட உலகுக்கு அளித்தவர். நம் வழக்கறிஞர்கள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே மனிதர் 1608ஆம் ஆண்டின் ‘கால்வின் வழக்கு’ அறிக்கையில் எழுதிய இன்னொரு கருத்தை அவர்கள் குறிப்பிடுவதில்லை. கிறித்தவரல்லாத மன்னரின் நாட்டை ஒரு கிறித்தவ மன்னர் வென்றால், அந்த நாட்டின் சட்டங்கள் அக்கணமே செல்லாதவையாகும் என்றார் கோக். ஆங்கிலேயனின் வீடு கோட்டை. ஆசியர், ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினரின் நாடோ சட்டமற்ற வெட்டவெளி! தாராளவாதச் சட்ட மரபின் இரு முகங்களும் ஒரே பேனாவிலிருந்து பிறந்திருக்கின்றன.

மாளிகை கட்டிய தாமஸ் கோக் 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பணம் இழந்தார். அதனால்தான் கட்டுமானம் பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று என்று வழிகாட்டி நூல்கள் அனுதாபத்தோடு எழுதுகின்றன. அந்தக் கம்பெனி என்ன வணிகம் செய்தது? 1713ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கையின்படி, ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் 4,800 ஆப்பிரிக்க அடிமைகளை முப்பது ஆண்டுகளுக்கு வழங்கும் உரிமை அதனிடம் இருந்தது. பிரபு இழந்த பணத்துக்காக இரங்குவோர், எந்த வணிகத்தின் லாபத்தை எதிர்பார்த்து அதைப் போட்டார் என்று கேட்பதில்லை.

இன்னொரு வருவாய் வினோதமானது. இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் கரையில் உள்ள டஞ்செனஸ் கலங்கரை விளக்கத்தின் சுங்க உரிமை திருமணத்தின் வழியே கோக்கின் கைக்கு வந்தது. அவ்வழியே செல்லும் ஒவ்வொரு வணிகக் கப்பலும் அதன் சரக்களவுக்கேற்ப ஒரு தொகை செலுத்த வேண்டும். கடலில் தத்தளிக்கும் மாலுமிக்கு வெளிச்சம் காட்டுவதுகூட ஒரு பிரபுவின் தனிச்சொத்து! இத்தகைய தனியார் விளக்கங்களை இழப்பீடு கொடுத்துப் பொதுவில் எடுத்துக்கொள்ள நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1836இல்தான். தென்கடல் நட்டத்துக்குப் பிறகும் மண்டபம் எழும்பியதில் அந்தக் கப்பல்களின் காசுக்கும் பங்குண்டு.

பூங்கா விரிந்தபோது பழைய ஹோல்க்கம் கிராமம் அங்கிருந்து அகற்றப்பட்டது. ஊர் போனது, ஊருக்கென்று இருந்த தேவாலயம் மட்டும் இன்றும் பூங்காவுக்குள் தன்னந்தனியே நிற்கிறது. மாளிகை எழுந்தபின் லெஸ்டர் பிரபு சொன்னதாக ஒரு கூற்று வழங்கிவருகிறது. சுற்றிப் பார்த்தால் தன் வீட்டைத் தவிர வேறு வீடே கண்ணில் படவில்லை, கதையில் வரும் அரக்கனைப்போல் அண்டை அயலாரையெல்லாம் தின்றுவிட்டேன், இனி எனக்கு மிக அருகில் இருக்கும் அண்டை வீட்டுக்காரர் கடலுக்கு அப்பால் டென்மார்க் அரசர்தான் என்று அவர் அலுத்துக்கொண்டாராம். நமது பிரச்சாரகர்கள் எவரும் இதைவிடத் துல்லியமாக நிலக்குவிப்பை வருணித்துவிட முடியாது.

இனி ‘மேம்பாடு’ பற்றி. 1776இல் சொத்துக்கு வந்த தாமஸ் வில்லியம் கோக், ‘நார்ஃபோக்கின் கோக்’ என்று பாடநூல்களில் இடம்பெற்றவர். மணல் பறக்கும் முயல்காடாகக் கிடந்த நிலத்தைக் கோதுமை விளையும் பூமியாக்கினார், வாரத்தைப் பல மடங்கு உயர்த்தினார் என்பது கதை. ஆண்டுதோறும் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் காலத்தில் அவர் நடத்திய வேளாண் விழாவுக்கு 1821 வரை உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் விருந்தினர் திரண்டனர்.

இந்தக் கதையைக் கலைத்தது இடதுசாரிப் பிரசுரம் எதுவுமில்லை. எஸ்டேட்டின் சொந்தக் கணக்கேடுகளே. அவற்றை ஆராய்ந்து ஆர்.ஏ.சி. பார்க்கர் என்ற வரலாற்றாசிரியர் 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். புதிய பயிர்முறைகள் இந்தக் கோக் வருவதற்கு வெகுமுன்பே அந்த மண்ணில் வேரூன்றியிருந்தன. அவற்றில் பெரும்பங்கு குத்தகை விவசாயிகளின் முயற்சி. அவர் காலத்தில் வாரம் உயர்ந்தது உண்மை. அதற்கு நெப்போலியப் போர்க்காலத்துத் தானிய விலையேற்றம் பெருங்காரணம். விலை ஏறினால் வாரம் ஏறும், வாரம் ஏறினால் புகழ் ஏறும். நீண்டகாலக் குத்தகை கொடுத்தார், புதிய முறைகளைப் பரப்பத் துணைநின்றார் என்பதை ஒப்புக்கொள்ளலாம். நிலத்தை உழுதவர் அவரில்லை.

நார்ஃபோக் வேளாண்மையின் மந்திரச்சொல் ‘நாற்பயிர்ச் சுழற்சி’. கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் தீவனம் என்று ஆண்டுக்கொன்றாக மாறி மாறிப் பயிரிடுவது. நிலம் தரிசாகக் கிடக்க வேண்டியதில்லை. டர்னிப்பைத் தின்று ஆடுகள் குளிர்காலத்தைக் கடக்கும். அவற்றின் எரு மணற்பாங்கான மண்ணுக்கு வலுவூட்டும். அடுத்து பார்லி செழிக்கும். உற்பத்தி சக்திகளின் வளர்ச்சி என்று நம் நண்பர்கள் கூறுவது இதைத்தான். ஐயமின்றி வளர்ச்சிதான். ஆனால் இந்தச் சுழற்சிக்கு ஆள் வேண்டும். கடுங்குளிரில் குனிந்து டர்னிப் பிடுங்கவும், களை கொத்தவும், கல் பொறுக்கவும் ஏராளமான கைகள் வேண்டும். அந்தக் கைகள் எங்கே வாழ்ந்தன?

இதற்கான விடையைத் தேடினால் ஹோல்க்கத்துக்குத் தெற்கே உள்ள காஸில் ஏக்கர் என்ற ஊருக்கு வந்து சேர்வோம். அங்கும் கோக் குடும்பத்துக்கு 17ஆம் நூற்றாண்டிலிருந்தே நிலம் உண்டு. அக்காலத்தில் ஏழைகளைப் பராமரிக்கும் வரி அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின் பொறுப்பு. ஆகவே ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே பிரபுவின் கையில் இருந்தால், அங்கே கூலித்தொழிலாளர் குடிசை கட்டவே அவர் விடமாட்டார். குடிசை இல்லையேல் ஏழை இல்லை. ஏழை இல்லையேல் வரி இல்லை. இவ்வாறு ‘மூடப்பட்ட’ ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள், பல சிறு உடைமையாளர்கள் இருந்த ‘திறந்த’ ஊர்களில் அடைந்தனர். காஸில் ஏக்கர் அப்படி நிரம்பி வழிந்த ஓர் ஊர். அங்கே ஒரு கங்காணி பெண்களையும் சிறுவர் சிறுமியரையும் கும்பலாகத் திரட்டி, மைல் கணக்கில் நடத்திச் சென்று, பண்ணை பண்ணையாக வேலை வாங்குவார். கும்பலுக்குப் பேசிய மொத்தக் கூலியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரித்துக் கொடுப்பார். 1843ஆம் ஆண்டு அரசு விசாரணை அறிக்கை இந்தக் கும்பல் முறையின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகக் காஸில் ஏக்கரையே காட்டியது. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் கிழக்கிங்கிலாந்தின் கும்பல் முறையையும் மூடப்பட்ட ஊர்களையும் விரிவாக எடுத்துரைக்கிறார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கும்பலில் சேர்க்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1867இல். எட்டு வயது நிரம்பினால் சேர்க்கலாம் என்று அதற்குப் பொருள்.

மார்க்ஸ் உற்பத்தி சக்திகளின் வளர்ச்சியை வரவேற்றார் என்று நினைவூட்டும் நண்பர்கள் அந்தப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டலாம்.

டர்னிப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதே நார்ஃபோக் மாவட்டத்தின் மார்ஷம் கிராமத்தில் 1850இல் பிறந்தவர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ். பசித்திருந்த பிள்ளைகளுக்காக அவருடைய தந்தை, ஒரு கூலித்தொழிலாளி, வேலை முடிந்து திரும்பும்போது வயலிலிருந்து சில டர்னிப் கிழங்குகளை எடுத்து வந்தார். அதற்காக அவரைச் சிறையில் தள்ளினார்கள். குடும்பம் ஏழைகள் விடுதிக்குப் போயிற்று. எந்தக் கிழங்கு விவசாயப் புரட்சியின் சின்னமாகப் பாடநூலில் இடம்பெற்றதோ, அதை விளைவித்தவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அது திருட்டு. ஆட்டுக்கு உரியது, தொழிலாளியின் குழந்தைக்கு உரியதில்லை. ஆறு வயதில் வயலில் காக்கை விரட்டும் வேலைக்குப் போன அந்தப் பிள்ளைதான் 1906இல் நார்ஃபோக்கில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை மீண்டும் கட்டியெழுப்பினார். 1920இல் நாடாளுமன்றத்துக்கும் சென்றார்.

ஹோல்க்கம் பூங்காவில் நார்ஃபோக்கின் கோக்குக்கு வானளாவிய ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அவர் 1842இல் இறந்த சில ஆண்டுகளில் குத்தகைதாரர்கள் உள்ளிட்டோர் பணம் திரட்டி எழுப்பியது. அதன் பீடத்தின் நான்கு மூலைகளில் ஒரு காளை, ஒரு செம்மறியாடு, ஒரு கலப்பை, ஒரு விதைப்புக் கருவி. உச்சியில் கோதுமைக் கதிர்க்கட்டு. கலப்பையைப் பிடித்தவனுக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை.

உழைப்பாளியைப் பூங்காவுக்கு வெளியே நிறுத்திய பின்னும் அவன் முயல் பிடிக்க உள்ளே வந்துவிடக்கூடாதே! 1816இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, இரவில் வலையோடு வேட்டைநிலத்தில் பிடிபட்டவனை ஏழாண்டு நாடுகடத்தலாம். அந்த நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள் யாருடைய முயல்களைக் காத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 1849இல் கோக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் லண்டன் தொப்பிக் கடையொன்றில் எஸ்டேட்டின் வேட்டைக் காவலர்களுக்காகக் கடினமான உருண்டைத் தொப்பி ஒன்றைச் செய்யச் சொன்னார். தாழ்ந்த மரக்கிளைகளிலிருந்து காவலாளியின் தலையைக் காக்க என்பது சொல்லப்படும் காரணம். பின்னாளில் சார்லி சாப்ளினின் நாடோடி அணிந்து உலகப் புகழ் பெற்ற அந்தத் தொப்பி, நாடோடிகளை விரட்டுகிறவர்களின் தலைக்காகப் பிறந்தது!

நிலத்தோடு நின்றுவிடவில்லை, கடலும் அடைக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 1859 வரை கட்டம் கட்டமாகக் கரைகள் எழுப்பி, அலை ஏறி இறங்கிய உவர்ச் சதுப்புகள் விளைநிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஆக்கப்பட்டன. 1859இல் எழுந்த கரை, பக்கத்துத் துறைமுக ஊரான வெல்ஸிலிருந்து கடல் வரை நீள்கிறது. மண் சுமந்தவர்கள் கூலியாட்கள். மீண்ட நிலம் எஸ்டேட்டினுடையது. கடல் இத்தகைய பத்திரங்களை மதிப்பதில்லை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கியபோது இங்கிலாந்தில் 307 பேர் மாண்டனர். வெல்ஸ் கரையும் உடைந்தது. அதன் பிறகு கிழக்குக் கரை நெடுகிலும் தடுப்புகளைப் பெரும்பாலும் உயர்த்திக் கட்டியது பொதுப்பணம். நிலம் தனியாருக்கு, அதைக் காக்கும் கரையின் செலவு பொதுமக்களுக்கு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

இன்று பழைய சொல் மாறிவிட்டது. ‘மேம்படுத்துபவர்’ போய் ‘பாதுகாவலர்’ வந்திருக்கிறார். பெரும் எஸ்டேட்டுகள் இல்லையென்றால் இந்தக் கடற்கரை எப்போதோ விடுதிகளாலும் கடைகளாலும் நிரம்பியிருக்கும் என்கிறார்கள். ஹோல்க்கம் கரை 1967இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2012 முதல் அதன் நிர்வாகத்தை அரசு அமைப்பிடமிருந்து எஸ்டேட்டே ஏற்றிருக்கிறது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகள் வந்திறங்குகின்றன. கரண்டிவாயன் பறவைகள் கூடு கட்டுகின்றன. இது நல்ல செய்தி. பறவைகளைக் காப்பதை எதிர்ப்பது நம் வேலையில்லை. ஆனால் பறவைகளைக் காக்க ஒரு பிரபு தேவை என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள்? பொது உடைமையில் உள்ள காப்பகங்களில் பறவைகள் இறங்க மறுக்கின்றனவா? சந்தையிடமிருந்து நிலத்தைக் காக்க நிலப்பிரபுவால்தான் முடியும் என்பது, இரண்டு கொள்ளையரில் ஒருவரைக் காவலுக்கு வைப்பதற்கு ஒப்பாகும். அந்தக் காவலும் இலவசமில்லை. கடற்கரைக்குச் செல்லும் சாலையில் வண்டி நிறுத்தக் கட்டணம் எஸ்டேட்டுக்கு.

இங்கிலாந்தின் பாதி நிலம் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம் இருக்கிறது என்று கய் ஷ்ரப்சோல் 2019இல் வெளியிட்ட ஆய்வு நூல் காட்டுகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தடையின்றி நடமாடும் உரிமை சுமார் 8 சதவீத நிலத்துக்கே பொருந்தும். அதுவும் தானமாக வந்ததில்லை. 1932 ஏப்ரலில் வடக்கே கிண்டர் ஸ்கவுட் மலையில், இளம் கம்யூனிஸ்ட் பென்னி ராத்மன் முன்னின்று நடத்திய அத்துமீறல் இயக்கத்தில் நூற்றுக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் காவலாளிகளை மீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர்.

ஆங்கிலேய விவசாயி அடங்கிப்போனான், ஆகவே அங்கே மாற்றம் அமைதியாக நடந்தது என்பது இன்னொரு கட்டுக்கதை. இதே நார்ஃபோக்கில் 1549இல் ராபர்ட் கெட் தலைமையில் சுமார் 16,000 பேர் நாரிச் நகருக்கு வெளியே பாசறை அமைத்தனர். பொதுநிலத்துக்கு வேலி போடுவதை எதிர்த்து எழுந்த கலகம் அது. கெட் தாமே ஓரளவு வசதி படைத்தவர். மக்கள் தம் வேலியைப் பிடுங்க வந்தபோது தாமும் சேர்ந்து பிடுங்கினார் என்பது வரலாறு. அடிமைக்குடிகள் யாவரும் விடுதலை பெற வேண்டும், ஆறுகள் மீன்பிடிக்கவும் செல்லவும் அனைவருக்கும் பொதுவாக வேண்டும் என்று அவர்கள் கோரிக்கை எழுதினர். கூலிப்படைகளைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்று கலகத்தை அடக்கினார்கள். கெட் நாரிச் கோட்டைச் சுவரில் தூக்கிலிடப்பட்டார். 1830இல் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த ‘ஸ்விங்’ எழுச்சியில் நாடெங்கும் 19 பேர் தூக்கிலேறினர், ஏறத்தாழ ஐந்நூறு பேர் கடல்கடத்தப்பட்டனர். 1923இல் கூலிக்குறைப்பை எதிர்த்து நார்ஃபோக் விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பண்ணையாளர்களைப் பின்வாங்க வைத்தனர். 1604க்கும் 1914க்கும் இடையே 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், 68 லட்சம் ஏக்கர் நிலம், அதாவது இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்கு: இவ்வளவு சட்டமும் தூக்குமரமும் தேவைப்பட்ட மாற்றத்தை அமைதியானது என்று எழுதத் தனித்திறமை வேண்டும்.

இந்தக் கதை நம்மோடு தொடர்பற்றது என்று எண்ண வேண்டாம். ஹோல்க்கம் விழாக்கள் களைகட்டியிருந்த காலத்தில்தான், 1793இல், காரன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தாருக்கு நிலத்தில் அசையாத உடைமை கொடுத்துவிட்டால், அவரும் ஆங்கிலப் பிரபுவைப் போல மண்ணை மேம்படுத்துவார் என்பது அதன் உள்ளே இருந்த கோட்பாடு. ‘மேம்படுத்துகிற நிலப்பிரபு’ என்ற கதை கப்பலேறி வந்து நம் விவசாயியின் முதுகில் இறங்கியது இவ்வாறுதான். 1802இல் அதே ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. சிவகங்கையும் இராமநாதபுரமும் ஜமீன்களாயின. மேம்பட்டது வாரமும் வட்டியும். ஆங்கிலப் பிரபுவை நல்லவராகவும் நம் ஜமீன்தாரைச் சோம்பேறியாகவும் பிரித்துப் பார்ப்பவர்கள், பின்னவரை முன்னவரின் அச்சில் வார்க்க முயன்றது பிரிட்டிஷ் அரசுதான் என்பதை மறக்கிறார்கள்.

முதலாளித்துவம் விவசாயத்துக்குள் நுழைய இரு வழிகள் உண்டு என்று லெனின் 1907இல் எழுதினார்: நிலப்பிரபுவின் பண்ணையே மெல்ல முதலாளித்துவப் பண்ணையாவது ஒன்று, நிலப்பிரபுத்துவத்தை உடைத்து விவசாயி கையில் நிலம் சேர்வது மற்றொன்று. எந்த வழி என்பது உற்பத்தித்திறன் பற்றிய தொழில்நுட்பக் கேள்வியாக அவருக்குத் தோன்றவில்லை. எந்த வர்க்கம் விலை கொடுக்கிறது என்றே அவர் கேட்டார். ஹோல்க்கத்தில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் காஸில் ஏக்கர் குழந்தைகள்.

2020இல் கர்நாடக அரசு தன் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தியது. விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க இருந்த தடை நீங்கியது, உச்சவரம்பு தளர்ந்தது. முதலீடு வரும், நவீன முறைகள் வரும், நிலம் மேம்படும் என்பதே அப்போதும் சொல்லப்பட்ட காரணம். அந்த நிலங்களில் இப்போது கூலிக்கு நிற்பவர்களுக்குக் குடியிருக்க எந்த ஊர் என்பது பற்றித் திருத்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.